ஓட ஓடச் சரிவராது: புதிய டிஸ்க் பிரேக்கைப் பழக்குவது பற்றி

புதிய டிஸ்க் பிரேக்கில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் மேற்பரப்பு, வாங்கும் நாளில் உருவாகியிருப்பதில்லை. பெட்டியிலிருந்து வெளியே வரும் தகடு வெறும் உருக்கு. தகட்டை இரு புறமும் கவ்வும் கலிப்பருக்குள் இருக்கும் பேட் அச்சில் அழுத்திச் செய்த வெறும் கலவை. இரண்டும் உரசிச் சூடேறி, பேட்டின் பொருள் மிக மெல்லிய படையாகத் தகட்டின் இரு முகங்களிலும் சீராக ஒட்டிய பிறகே பிரேக் தன் முழு வலுவுக்கு வருகிறது. அந்தப் படையை வேண்டுமென்றே, முறையாக, ஒரே அமர்வில் உருவாக்கும் வேலைக்குத்தான் பிரேக்கைப் பழக்குதல் என்று பெயர். அரை மணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை.

சைக்கிள் கடைகளிலும் வீடுகளிலும் நிலவும் கருத்து வேறு. புதுச் சைக்கிளின் பிரேக் பிடிக்கவில்லை என்று வருபவருக்குக் கிடைக்கும் வழக்கமான பதில், ‘கொஞ்ச நாள் ஓடுங்க, ஓட ஓடச் சரிவரும்’ என்பது. இலங்கையின் கல்முனைப் பகுதியில் நற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை போன்ற தட்டை நிலத்து ஊர்களில் அதோடு இன்னொன்றும் சேரும்: ‘இங்க என்ன மலையா இருக்கு?’ முதலாவது பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பதால்தான் நிலைத்து நிற்கிறது. இரண்டாவது முற்றிலும் தலைகீழான வாதம். மலை இல்லாத ஊரில் ஓடும் சைக்கிள் என்பதே அதன் பிரேக்கை வேண்டுமென்று பழக்குவதற்கான முதற் காரணம்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. கல்முனைக் கரையோரத்தின் சைக்கிள் அனுபவம் முழுவதும் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் வளர்ந்தது. கம்பிப் பிரேக் பூட்டிய பழைய பாரச் சைக்கிளோ, கேபிள் பூட்டிய லுமாலா சைக்கிளோ, அங்கே ரப்பர் கட்டை ரிம்மை அழுத்தும். ரப்பருக்குச் சூடேறி ஒட்டும் படை தேவையில்லை. கட்டையை நேராக வைத்துப் பூட்டினால் முதல் நாளே பிடிக்கும். சைக்கிள் திருத்தும் பாஸ்மாரின் கைப்பழக்கமும் அதை ஒட்டியே அமைந்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது இலங்கை முழுவதும் சைக்கிளுக்குக் கிராக்கி ஏறியது, விலையும் ஏறியது. பெற்றோல் கிடைக்காமல் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்தியவர்கள் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். கியரும் அகன்ற டயரும் டிஸ்க் பிரேக்கும் பூட்டிய சைக்கிள்கள் இன்று வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டியூசனுக்கும் ஓடுகின்றன. வண்டி மாறிவிட்டது. ரப்பர் கட்டைக்குப் பொருந்திய அறிவுரை மட்டும் மாறாமல் புதிய பிரேக்குக்கும் சொல்லப்படுகிறது.

டிஸ்க் பிரேக்கில் இரண்டு வகை உராய்வு வேலை செய்கிறது. பேட்டின் கரடான துகள்கள் உருக்கை அராவும் உராய்வு ஒன்று. தகட்டில் ஒட்டியிருக்கும் பேட் பொருளும் பேட்டில் இருக்கும் அதே பொருளும் ஒன்றையொன்று பற்றிப் பற்றிப் பிரியும் உராய்வு மற்றது. புதிய பிரேக்கில் முதலாவது மட்டுமே உண்டு; அதுவும் முழுமையாக இல்லை, ஏனென்றால் பேட்டின் முகம் தகட்டின் முகத்தோடு இன்னும் முழுதாகப் பொருந்தியிருக்காது. மேடான சில இடங்கள் மட்டும் படும். இரண்டாவது வகை உராய்வு வருவதற்குப் படை வேண்டும். படை ஒட்டுவதற்குச் சூடு வேண்டும். புதிய அப்பச்சட்டியை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்காமல் மாவை ஊற்றினால் அப்பம் கிளம்பி வராது என்பது இலங்கையின் எந்த அடுப்படியிலும் தெரிந்த செய்தி. சட்டியில் அந்தப் படை ஒட்டாமல் விடுவதற்கு உதவுகிறது, தகட்டில் பற்றுவதற்கு உதவுகிறது. ஆனால் இரண்டும் உருவாகும் வழி ஒன்றுதான். ஆறிய இரும்பில் எத்தனை நாள் தேய்த்தாலும் அது வராது.

ஆகவே கேள்வி, ஊருக்குள் சாதாரணமாக ஓடும்போது தகடு எவ்வளவு சூடாகிறது என்பது. இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் அந்த வண்டியில் இருக்கும் இயக்க சக்தி ஏறத்தாழ 700 யூல். 160 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குத் தகடு 120 கிராம் அளவில் இருக்கும். அதன் வெப்பநிலை ஒரு பாகை உயர ஏறத்தாழ 60 யூல் வேண்டும். அந்த 700 யூலும் ஒரே தகட்டில் இறங்கினால்கூட வெப்பநிலை 12 பாகை மட்டுமே உயரும். முன்னும் பின்னும் பகிர்ந்தால் அதில் பாதி. தகடு மெல்லியது, துளைகள் நிறைந்தது, காற்றில் சுழல்வது. ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைக் கடைத்தெருவுக்குப் போகும் ஒருவர் அடுத்த சந்தியில் பிரேக் பிடிக்கும்போது தகடு பழைய நிலைக்கே வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஆறிய தகட்டில் தொடங்கி ஆறிய தகட்டிலேயே முடிகிறது. இப்படி மாதக்கணக்கில் ஓடினாலும் சூடு ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்வதே இல்லை.

மலையில் நிலைமை வேறு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலிருந்து இறங்கும் அதே 80 கிலோ வண்டி, ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்திலும் 78,000 யூலைக் கரைத்தாக வேண்டும். காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்கு. காற்றின் பங்கையும் சேர்த்துப் பார்த்தால் அது தட்டை நிலத்தில் நூறு தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம், அதுவும் ஆற இடைவெளி இல்லாமல். ‘ஓட ஓடச் சரிவரும்’ என்பது மலைநாட்டுச் சைக்கிளுக்குப் பெருமளவு உண்மை. அங்கே இறக்கமே பிரேக்கைப் பழக்கிவிடும். கடலுக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கும் ஊருக்கு அந்த உதவி கிடையாது. மலை இல்லாத ஊருக்குப் பழக்கத் தேவையில்லை என்பவர்கள், தானாகப் பழகும் வாய்ப்பு இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே பழக்கவும் வேண்டாம் என்கிறார்கள்.

இந்த இடத்தில் மோட்டார் சைக்கிளைக் காட்டி ஒரு மறுப்பு எழும். ஊரில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பலவற்றில் முன் சக்கரத்தில் டிஸ்க். யாரும் உட்கார்ந்து பழக்குவதில்லை. அவை பிடிக்கத்தானே செய்கின்றன என்பது அந்த மறுப்பு. விடை சக்தியின் அளவில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து 220 கிலோ எடையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளின் இயக்க சக்தி ஏறத்தாழ 30,000 யூல். மேலே சொன்ன சைக்கிளினுடையதை விட 40 மடங்குக்கும் அதிகம். அதன் தகடு சைக்கிள் தகட்டை விடப் பல மடங்கு கனமானது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது சைக்கிள் தகட்டை விட நன்றாகச் சூடேறுகிறது. அங்கே சாதாரண ஓட்டமே பழக்கும் வேலையைச் செய்துவிடுகிறது. அப்படியிருந்தும் புதிய பேட் போட்ட பின் தொடக்க நாட்களில் கவனமாக ஓட்டும்படி மோட்டார் சைக்கிள் கையேடுகள் சொல்கின்றன.

ஓட ஓடச் சரிவரும் என்பதற்கு ஆதாரமாக, சைக்கிள் உதிரிப்பாகங்களில் பெயர்பெற்ற ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் கையேட்டையே காட்டலாம். டிஸ்க் பிரேக்குக்குப் பழகும் காலம் ஒன்று உண்டு, அந்தக் காலம் செல்லச் செல்லப் பிடிப்பு படிப்படியாகக் கூடும் என்று அது சொல்கிறது. ஆனால் அந்த வாசகம் அங்கே எச்சரிக்கையாக இடம்பெற்றிருக்கிறது: பிடிப்பு இப்படிக் கூடிக்கொண்டு போவதை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும், பேட்டையோ தகட்டையோ மாற்றினாலும் இதே நிலை மறுபடி வரும் என்பதே அதன் பொருள். தானாகச் சரிவரும், விட்டுவிடுங்கள் என்று எந்த இடத்திலும் அது சொல்லவில்லை.

இந்த எச்சரிக்கையின் கனம் போதிய அளவு உணரப்படவில்லை. பழக்காத பிரேக் பிடிக்காது என்பது ஆபத்தின் ஒரு பாதி. அது நாளுக்கு நாள் வேறுவிதமாகப் பிடிக்கும் என்பது மறு பாதி. பிடிப்பு குறைந்த பிரேக்கை லீவர் ஹாண்டிலில் முட்டும்வரை இழுத்து இழுத்துக் கை பழகிவிடுகிறது. சில கிழமைகள் கழித்து, ஒரு நாள் கடும் பிரேக் ஒன்றில் தகட்டின் ஒரு பகுதி மட்டும் சூடேறிப் படை ஒட்டத் தொடங்கும்போது, அதே இழுப்புக்கு முன் சக்கரம் திடீரென்று கவ்வும். நெரிசலான வீதியில், மணல் படிந்த தாரில், இது ஆளை விழுத்தப் போதுமானது. வேண்டுமென்று பழக்கும்போது இந்த மாற்றம் முழுவதும் ஆளில்லாத வீதியில், எதிர்பார்த்திருக்கும் கையில், அரை மணிக்குள் நடந்து முடிகிறது.

பிடிக்காத பாதியின் விலையை மீற்றரில் சொல்லலாம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சைக்கிளை நல்ல முன் பிரேக் ஏறத்தாழ 3 மீற்றரில் நிறுத்திவிடும். பிடிப்பு பாதியானால் அது 6 மீற்றர். கால்பங்கானால் 12 மீற்றர். முன்னால் திடீரென்று நிற்கும் ஓட்டோவுக்கும் சைக்கிளுக்கும் இடையில் ஊர் வீதிகளில் 12 மீற்றர் இருப்பதில்லை.

முன் பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஓட ஓடச் சரிவரும் என்ற நம்பிக்கை அங்கேதான் முழுதாகத் தோற்கிறது. முன் பிரேக் பிடித்தால் ஆளைத் தூக்கி எறியும் என்ற பயம் பரவலாக உண்டு. பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. அதனால் பலர் பின் பிரேக்கை மட்டும் பிடித்து ஓடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின் சக்கரம் இலேசாகி வழுக்கத் தொடங்கும். முன் சக்கரத்தால் இயலும் நிறுத்தத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் பின் சக்கரத்தால் தர இயலும். கூடிய வலுவுள்ள பிரேக் முன்னாலே பயன்படாமல் கிடக்கிறது. பயன்படாத பிரேக் எத்தனை ஆண்டு ஓடினாலும் பழகாது. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து இழுக்கும் அந்த ஒரு நாளில், முன்னாலுள்ள தகடு கடையிலிருந்து வந்த அதே வெறும் உருக்காக இருக்கிறது.

பிள்ளைகளின் சைக்கிளில் இது இன்னும் மோசம். 30 கிலோ எடையுள்ள பிள்ளை 14 கிலோ சைக்கிளில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போனால், நிறுத்தும்போது கிடைக்கும் சக்தி 250 யூலுக்கும் குறைவு. தகட்டின் வெப்பநிலை நாலு பாகை உயரும். பிள்ளையின் ஓட்டத்தால் அந்தப் பிரேக் பழகும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை. வீட்டில் அந்தச் சைக்கிளில் ஏறக்கூடிய மூத்தவர் ஒருவர் பழக்கிக் கொடுத்த பிறகே அது பிள்ளையின் கைக்குப் போக வேண்டும்.

பிடிப்பு வராதபோது கையாளப்படும் மாற்று வைத்தியங்களும் அதே தவறான கருத்தின் பிள்ளைகள். அரத்தாளால் பேட்டைத் தேய்ப்பது அவற்றில் ஒன்று. எண்ணெய் பட்டோ மெருகேறியோ கெட்ட முகத்தை நீக்க அது உதவும். ஆனால் தேய்த்து முடிந்ததும் கையில் இருப்பது மறுபடி ஒரு புதிய பேட்தான், அதை மறுபடி பழக்க வேண்டும். சேற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடுவது இன்னொன்று. மணல் கலந்த நீர் இரு முகங்களையும் அராவிப் பொருந்தச் செய்யும். கூடவே தகட்டைக் குளிர்வித்துப் படை ஒட்டாமலும் செய்துவிடும். மூன்றாவதும் மிகக் கொடியதும் எண்ணெய். கீச்சிடும் சத்தத்தை அடக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவது செயினுக்கும் கதவுக் கீலுக்கும் பொருந்தும் வழி. பேட் நுண்துளைகள் உள்ளது, எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதன் பின் சத்தமும் போகும், பிரேக்கும் போகும். பெரும்பாலும் அந்த பேட்டைத் தூக்கி எறிவதே மிஞ்சும் வழி. செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது பின் தகட்டில் படுவதாலும் இதே கேடு நேர்கிறது; சைக்கிளை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும் வழக்கமும் டிஸ்க் பிரேக் வண்டிக்கு ஆகாது.

இப்படிக் கெட்ட பிரேக்கைப் பார்த்தே ‘டிஸ்க் எல்லாம் பெயருக்குத்தான், பழைய கட்டைப் பிரேக்தான் உறுதி’ என்ற முடிவுக்கு வருபவர்கள் உண்டு. தங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டது பழக்காத டிஸ்க் பிரேக். ஒழுங்காகப் பழகிய டிஸ்க் பிரேக்கை மழையில் கட்டைப் பிரேக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். வடகீழ்ப் பருவமழையில் நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை சில சுற்றுகள் தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும். டிஸ்க் தகடு தண்ணீர் தேங்கும் உயரத்துக்கு மேலே, சக்கரத்தின் நடுவில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கொள்ளும். தொழில்முறை வீதிப் பந்தயங்களில் நெடுங்காலம் தயங்கிய உலக சைக்கிள் சம்மேளனம் 2018இல் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கொடுத்தது.

பழக்கும் முறை எளிது. முதலில் தகடு சுத்தமாக இருக்க வேண்டும். பெட்டியில் வரும் தகட்டில் துருத் தடுப்புக்கான மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கக்கூடும். பூட்டியவரின் கை அழுக்கும் இருக்கும். பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சுத்தமான துணியில் எடுத்து இரு முகங்களையும் துடைக்க வேண்டும். கை சுத்தப்படுத்தும் ஜெல் இதற்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் கிளிசரின் பசை போலத் தங்கிவிடும். இரண்டாவது, சரியான இடம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலை கல்முனையை ஊடறுக்கிறது. அது இதற்கான இடம் அல்ல. கிட்டங்கிப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் வீதி, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாகனம் குறைந்த நேரத்தில், வெளிச்சம் நன்றாக வந்ததும், மிகப் பொருத்தம். மாடுகள் குறுக்கிடும், அறுவடைக் காலமானால் நெல்லும் வைக்கோலும் வீதியில் கிடக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு பிரேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் கொடுக்கும் முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது: மிதமான வேகத்துக்கு ஏறி, உறுதியாகப் பிரேக் பிடித்து, நடக்கும் வேகம் வரை குறைத்து, விட்டு, மறுபடி ஏற வேண்டும். இப்படி ஏறத்தாழ 20 தடவை. அடுத்து இன்னும் கூடிய வேகத்திலிருந்து அதையே ஏறத்தாழ 10 தடவை. மிதமான வேகம் என்பதை மணிக்கு 20 கிலோமீற்றர் என்றும், கூடிய வேகத்தை 30 என்றும் கொள்ளலாம். பாரமான சைக்கிளில் தட்டை வீதியில் 30ஐத் தொடுவது இளைஞருக்கும் சிரமம். 25இலிருந்து சில தடவை கூடுதலாகச் செய்தாலும் பலன் வரும். 30இலிருந்து குறைக்கும் ஒவ்வொரு தடவையும் தகட்டின் வெப்பநிலையை 40 பாகைக்கு மேல் உயர்த்தக்கூடியது. இடைவெளி அரை நிமிடத்துக்குள் இருந்தால் முந்திய சூடு ஆறுமுன் அடுத்தது சேர்ந்து, தகடு 100 பாகை செல்சியஸைக் கடக்கும். ஊர் ஓட்டத்தில் ஒருபோதும் கிடைக்காத நிலை இதுதான். சூடான தகட்டை விரலால் தொடக் கூடாது. சுழலும் தகட்டின் அருகே பிள்ளைகளை விடவே கூடாது.

ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்: சக்கரம் இறுகி வழுக்கவும் கூடாது, வண்டி முழுதாக நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே மட்டும் தடிப்பாக ஒட்டிவிடும். அதன் பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் பேட்டைக் கடக்கும்போது பிரேக் துடித்துத் துடித்துப் பிடிக்கும். இதைத் தகடு வளைந்துவிட்டது என்று எண்ணிக் குறடால் நிமிர்த்தப் போய் நல்ல தகட்டை உண்மையாகவே வளைத்துவிடும் சம்பவங்கள் உண்டு. பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி நெடுந்தூரம் மிதிப்பதும் தவறு. பேட்டின் முகம் மெருகேறிக் கண்ணாடி போலாகி, பிடிப்பதற்குப் பதிலாகக் கத்தத் தொடங்கும்.

கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் பழக்கி முடிந்ததும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றில் அநேகமாக ஒரு பக்கத்து பேட் மட்டுமே நகரும். மறுபக்கத்து பேட் நிலையாக இருக்கும், தகடு அதன் மேல் சாய்ந்து அழுந்தும். முதல் அரை மணியில் கேபிளும் அதன் உறையும் தத்தம் இடத்தில் படிந்து தளர்வதால் லீவர் ஆழமாகப் போகும். கேபிளை இறுக்கி, நிலையான பேட்டைத் தகட்டில் உரசாத அளவுக்கு நெருக்கி வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பழகிய பிரேக்கும் பழகாததைப் போலவே நடந்துகொள்ளும்.

பழக்குவதால் பேட் வீணாகத் தேய்ந்துவிடும் என்பது கடைசியாக எழும் மறுப்பு. முப்பது தடவை பிடிப்பதில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத அளவு. பழக்காத பேட் மெருகேறியோ எண்ணெய் குடித்தோ பாதி வாழ்நாளில் எறியப்படுவதோடு ஒப்பிட்டால் இது பொருட்டே இல்லை. கடைக்காரருக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை என்பதில் நியாயம் உண்டு. அப்படியானால் வாங்குபவருக்குச் செய்முறையைச் சொல்லி அனுப்பலாம், அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

புதிய பேட் போடும் ஒவ்வொரு முறையும், தகடு பழையதாக இருந்தாலும், இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். பிசின் கலந்த பேட்டிலிருந்து உலோகத் தூளை அழுத்திச் சுட்ட பேட்டுக்கு மாறினால் தகட்டில் இருக்கும் பழைய படையைச் சுத்தமாக நீக்கிவிட்டே தொடங்க வேண்டும். உலோக பேட் பழகக் கூடிய நேரம் எடுக்கும். பிசின் பேட்டுக்கு மட்டும் என்று பொறிக்கப்பட்ட மென்மையான தகடுகளில் உலோக பேட்டைப் போடவே கூடாது. மழைக்காலத்தில் கிட்டங்கி வீதியில் வெள்ளம் ஏறிய நாட்களில் அதற்குள்ளால் ஓடிய சைக்கிளின் தகட்டையும் கலிப்பரையும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் ஸ்பிரிட்டால் துடைத்து, பத்துத் தடவையாவது சூடேறப் பிடித்துவிட வேண்டும். ஷிமானோ பேட்டில் உராயும் பொருள் 0.5 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததும், 1.8 மில்லிமீற்றரில் தொடங்கும் தகடு 1.5க்கு இறங்கியதும், அவற்றை மாற்றிப் புதியதைப் பழக்க வேண்டும்.